கரிசலுக்கு எந்தக் கலப்பை? கொத்து, சட்டி, ரோட்டவேட்டர், உளி, அல்லது உழாமலே

டிராக்டர்காரர் போனில் கேட்பது ஒரே கேள்விதான்: “அண்ணாச்சி, எதை மாட்டிட்டு வரட்டும்?” அதற்கு நாம் சொல்லும் பதிலில், அந்த வருஷத்து மழை நிலத்துக்குள் இறங்குமா ஓடையோடு போகுமா என்பது பாதி முடிவாகிவிடுகிறது. ஆனால் பெரும்பாலும் நாம் யோசித்துச் சொல்வதில்லை. போன வருஷம் ஓட்டியதையே சொல்கிறோம். அல்லது, வண்டியில் எது மாட்டியிருக்கிறதோ அதையே கொண்டுவரச் சொல்கிறோம். இப்போது பெரும்பாலான வண்டிகளில் மாட்டியிருப்பது, சுழலும் கத்திகளால் மண்ணைக் கொத்திப் பொடியாக்கும் ரோட்டவேட்டர்.

நான் மனதில் வைத்து எழுதுவது கோவில்பட்டி, விளாத்திகுளம், எட்டயபுரம், அருப்புக்கோட்டை வட்டாரத்து மானாவாரிக் கரிசலை. பருத்தி, மக்காச்சோளம், உளுந்து, பாசிப்பயறு, கம்பு, கொண்டைக்கடலை போடுகிற நிலம். செம்மண்ணிலும் காவிரி டெல்டாவிலும் கணக்கு வேறு. அது எங்கே மாறுகிறது என்பதை இடையிடையே சொல்கிறேன். என் கருத்தை முதலிலேயே வைத்துவிடுகிறேன்: எந்தக் கருவியையும் வருஷா வருஷம் ஒரே ஆழத்தில் ஓட்டக் கூடாது, ரோட்டவேட்டரைக் கடைசித் தேர்வாக வைக்க வேண்டும், அடிமண்ணைப் பார்க்காமல் ஆழ உழவுக்குக் காசு கொடுக்கக் கூடாது.

மானாவாரியில் உழவின் முதல் வேலை மழையைப் பிடிப்பது. களை அழிப்பது, புழுவின் கூட்டை வெயிலில் போடுவது, விதைக்குப் படுக்கை செய்வது எல்லாம் அதற்கு அப்புறம். ஒரு அங்குல மழை ஒரு ஏக்கரில் விழுந்தால் அது ஏறக்குறைய ஒரு லட்சம் லிட்டர் தண்ணீர். நம் பக்கம் மழையில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் சில கனத்த மழைகளாக வந்து முடிந்துவிடுகிறது. அந்தச் சில நாட்களில் மண் வாயைத் திறந்து வைத்திருந்தால்தான் தை மாதம் வரை பயிருக்கு ஈரம் நிற்கும். ஆகவே ஒவ்வொரு கருவியைப் பற்றியும் நான் முதலில் கேட்பது, இதை ஓட்டினால் அடுத்த மழை உள்ளே போகுமா என்பதைத்தான்.

முதலில் ஒரு குழி

கலப்பையைத் தேர்ந்தெடுக்கும் முன் நிலத்தின் நடுவில் இரண்டடிக் குழி ஒன்று தோண்டுங்கள். கத்தியின் முனையால் குழியின் பக்கச் சுவரை மேலிருந்து கீழே கீறிக்கொண்டே போனால், இறுக்கம் எங்கே தொடங்குகிறது என்று கைக்கே தெரியும். ஐந்தாறு அங்குலம் வரை பொலபொலவென்று வந்து, அதற்குக் கீழே மூன்று நான்கு அங்குலத்துக்குப் பலகை மாதிரி ஒரு அடுக்கு, அதற்கும் கீழே மறுபடி இளக்கம் என்று இருந்தால் அது மண்ணின் இயல்பு இல்லை. கலப்பை ஒரே ஆழத்தில் தேய்த்துத் தேய்த்து உண்டாக்கியது. ஈரத்தில் இறங்கிய டிராக்டரின் எடையும் சேர்ந்து அதை இறுக்கியிருக்கும்.

குழி தோண்ட மனமில்லை என்றால் பருத்தி மாரைப் பிடுங்கும்போது வேரைக் கவனியுங்கள். ஆணிவேர் நேராக இறங்கியிருந்தால் கவலையில்லை. அரையடி ஆழத்தில் சட்டென்று பக்கவாட்டில் திரும்பியிருந்தால் கீழே தடை இருக்கிறது. இதைப் பார்க்கக் காசு செலவில்லை. ஆனாலும் ஏக்கருக்கு ஆயிரக்கணக்கில் உழவுக்குச் செலவழிக்கிற நாம் இந்த அரை மணி நேரத்தைச் செலவழிப்பதில்லை என்பது எனக்கு மெய்யாகவே வருத்தம்.

கோடையில் வெடிப்பின் ஆழத்தையும் பாருங்கள். நல்ல கரிசல் சித்திரையில் ஒரு கம்பு முழுக்க இறங்குகிற அளவுக்குப் பிளக்கும். அந்த வெடிப்பே ஒரு உழவு. மேல்மண் கொஞ்சம் உள்ளே விழுகிறது, கோடை மழையின் முதல் தண்ணீர் நேராக அடிக்குப் போகிறது. ஆழமாக வெடிக்கிற கரிசலுக்கும் வெடிக்காத செம்மண்ணுக்கும் ஒரே சிபாரிசு பொருந்தாது என்பதற்கு இதுவே காரணம்.

கொத்துக் கலப்பை: தினசரி வேலைக்காரன்

கொத்து என்பது கலப்பையின் இரும்புப் பல். ஐந்து கொத்து, ஒன்பது கொத்துக் கலப்பைகள் மண்ணைப் புரட்டுவதில்லை, கீறிவிடுகின்றன. நான்கு முதல் ஆறு அங்குல ஆழம். ஒன்பது கொத்து ஒரே போக்கில் ஆறடிக்கு மேல் அகலம் பிடிப்பதால் ஏக்கர் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். மாட்டு ஏரோடு ஒப்பிட்டுப் பாருங்கள்: அரையடிக்கு ஒரு சால் என்று வைத்தால் ஒரு ஏக்கருக்கு உழுகிறவர் நடக்கும் தூரம் ஏறக்குறைய 27 கிலோமீட்டர். டிராக்டர் வந்தது சோம்பலால் இல்லை என்பதற்கு இந்த ஒரு கணக்கு போதும்.

கொத்தின் பெரிய நன்மை, அது மண்கட்டியைப் பொடியாக்காமல் விடுவது. எலுமிச்சை அளவிலும் நெல்லிக்காய் அளவிலும் கட்டி கலந்து கிடக்கிற நிலத்தில் மழைத்துளி விழுந்தால் கட்டி கரைந்து இடுக்குகளில் தண்ணீர் இறங்கும். இளங்களை போகும், போன பயிரின் தாள் பாதி மேலேயே கிடக்கும். அது வெயிலைத் தடுக்கும்.

குறை என்னவென்றால், அருகு, கோரை இருந்தால் கொத்து அவற்றை இழுத்துப் பரப்பிவிடும். வருஷா வருஷம் இதையே ஓட்டினால் ஐந்து அங்குலத்துக்குக் கீழே பலகை கட்டும். இரண்டாவதற்கு மருந்து சுலபம். ஒரு வருஷம் நான்கு அங்குலம், மறு வருஷம் ஆறு என்று ஆழத்தை மாற்றச் சொல்லுங்கள். முதல் உழவைச் சரிவுக்குக் குறுக்கே ஓட்டினால் அடுத்ததை அதற்குச் சற்றுச் சாய்வாக ஓட்டச் சொல்லுங்கள். எப்படி ஓட்டினாலும் கடைசி உழவு சரிவுக்குக் குறுக்கேதான் இருக்க வேண்டும். சரிவோடு ஓடிய சால் மழைக்கு வாய்க்கால்.

சட்டிக் கலப்பை: கோரைக்கும் அருகுக்கும்

சட்டி போலக் குழிந்த வட்டத் தட்டுகள் உள்ளது இது. இரண்டு சட்டி, மூன்று சட்டிக் கலப்பை எட்டு முதல் பன்னிரண்டு அங்குலம் வரை போய் மண்ணைப் பெயர்த்துப் புரட்டும். வளைந்த இரும்புத் தகடு வைத்த இறக்கைக் கலப்பையும் புரட்டும், இன்னும் சுத்தமாகவே புரட்டும். ஆனால் காய்ந்த கரிசலிலும் கல் கலந்த நிலத்திலும் சட்டிதான் தாக்குப்பிடிக்கும். அகலம் குறைவு என்பதால் ஒன்பது கொத்தைப் போல இரண்டு மூன்று மடங்கு நேரம் எடுக்கும். வாடகையும் அதே கணக்கில் ஏறும்.

இந்தச் செலவு எப்போது தகும்? கோரைக் கிழங்கும் அருகின் தண்டும் நிலத்தைப் பிடித்திருந்தால் கட்டாயம் தகும். கோரைக் கிழங்கில் பெரும்பகுதி மேல் ஓரடிக்குள்தான் இருக்கிறது. சித்திரை, வைகாசி வெயிலில் அதைப் புரட்டி மேலே போட்டுக் காயவிட்டால் கணிசமாகச் செத்துப்போகும். களைக்கொல்லிக்குக் கொடுக்கும் காசை இங்கே கொடுக்கலாம் என்பது என் எண்ணம்.

மக்காச்சோளக்காரருக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. 2018-இல் இந்தியாவுக்கு வந்த அமெரிக்கன் படைப்புழு மண்ணுக்குள் சில அங்குல ஆழத்தில்தான் கூட்டுப்புழுவாகிறது. கோடையில் ஆழ உழுதால் கூடுகள் வெயிலுக்கும் கொக்குக்கும் மைனாவுக்கும் வந்துவிடும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் இந்தப் புழுவுக்குச் சொல்லும் முதல் நடவடிக்கை ஆழ உழவும், கடைசி உழவில் ஏக்கருக்கு 100 கிலோ வேப்பம் புண்ணாக்கும்தான். மக்காச்சோளத்துக்குப் பின் மக்காச்சோளம் என்று போடுகிறவர் இதைத் தவிர்க்க முடியாது.

சட்டியின் பின்விளைவுகளையும் எண்ணிக்கொள்ளுங்கள். நிலம் மேடும் பள்ளமுமாகும். பானை அளவுக் கட்டி பெயரும். அந்தக் கட்டியைப் பார்த்துப் பயந்து உடனே ரோட்டவேட்டரை விடுகிறவர்கள் பலர். வேண்டாம். கரிசல் கட்டி வெயிலில் காய்ந்து ஒரு கோடை மழையில் நனைந்தால் தானே உதிரும். “சித்திரை மாதத்துப் புழுதி பத்தரை மாற்றுத் தங்கம்” என்று பெரியவர்கள் சொன்ன புழுதி, இப்படி வெயிலும் மழையும் செய்வது. அந்த வேலைக்கு டீசல் தேவையில்லை, ஒன்றரை மாதம் பொறுமை தேவை. அதனால்தான் சட்டி உழவை ஆவணியில் தொடங்கக் கூடாது. கட்டி உதிர நேரம் இருக்காது, விதைப்பும் தள்ளிப்போகும்.

வருஷா வருஷம் சட்டி போடுவதும் வேண்டாம். ஒவ்வொரு முறை புரட்டும்போதும் உள்ளே மக்கிக்கொண்டிருந்த இலைதழை காற்றுப் பட்டு வேகமாகக் கரைந்துபோகிறது. நம் வெயிலுக்கு அது இன்னும் வேகம். நம் மானாவாரி மண்ணில் அங்ககச் சத்து ஏற்கெனவே மட்டம்.

ரோட்டவேட்டர்

இதைப் பற்றி நீளமாகவே பேச வேண்டும். நம் மண் இதனால்தான் அதிகம் மாறியிருக்கிறது.

இது ஏன் பரவியது என்பது புரியக்கூடியதுதான். ஒரே ஓட்டில் விதைப்புக்குத் தயார். உழுத நிலம் பார்க்க மெத்தை மாதிரி இருக்கும், உரிமையாளருக்குத் திருப்தி. ஆள் கிடைக்காத காலத்தில் பருத்தி மாரையும் மக்காச்சோளத் தட்டையையும் நறுக்கி மண்ணோடு கலந்துவிடும். மழை பெய்து, பதம் நான்கு நாள்தான் நிற்கும் என்கிற நெருக்கடியில் இதைவிட வேகமான கருவி இல்லை. நஞ்சையில் தண்ணீர் கட்டிச் சேறாக்கும் தொளி உழவுக்கும், பசுந்தாள் உரமான தக்கைப்பூண்டை மடக்கி உழவும் இது நல்ல கருவி. அங்கே மண்ணைக் குழப்புவதே நோக்கம்.

மானாவாரிக் கரிசலில் நோக்கம் அதற்கு நேர் எதிர். சுழலும் கத்தி மண்ணின் இயல்பான உருண்டைகளை உடைத்து மாவாக்குகிறது. மாவான மண்ணில் முதல் கனமழை விழுந்ததும் மேலே ஒரு அங்குலம் சேறாகிப் படிந்து துளைகளை மூடிவிடும். அதற்குப் பிறகு விழும் மழை ஓடத்தான் செய்யும், ஓடும்போது அந்த மாவையும் கொண்டுபோகும். செம்மண்ணில் இன்னும் மோசம். மழைக்குப் பின் இரண்டு நாள் வெயில் அடித்தால் மேலே ஓடு கட்டி, நிலக்கடலையும் உளுந்தும் முளைத்தும் மேலே வர முடியாமல் உள்ளேயே வளைந்து கிடக்கும். முளைப்பு சரியில்லை என்று விதையைக் குறை சொல்வதற்கு முன் ஓட்டைப் பெயர்த்துப் பார்க்க வேண்டும்.

ஆழமும் ஒரு ஏமாற்று. மேலே மெத்தை போலத் தெரிகிற நிலத்தில் கத்தி போனது நான்கைந்து அங்குலம்தான். சுழலும் கத்தியின் முனை ஒவ்வொரு சுற்றிலும் அடியைத் தட்டித் தேய்ப்பதால், ஈரம் கூடின நேரத்தில் ஓட்டினால் அங்கே ஒரு வழவழப்பான அடுக்கு உண்டாகும். வேரும் தண்ணீரும் அங்கே நின்றுவிடும். குழியில் பலகை தெரிகிற நிலங்களில் பாதிக்கு இதுதான் காரணம் என்று நான் நினைக்கிறேன்.

அப்புறம் களை. ஒருவருஷக் களைக்கு ரோட்டவேட்டர் சரி. அருகம்புல் இருக்கிற நிலத்தில் ஓட்டினால் ஒவ்வொரு கணுவையும் தனித்தனியாக நறுக்கி நிலம் முழுக்க நட்டுக்கொடுத்த மாதிரி ஆகும்; ஒவ்வொரு கணுவும் முளைக்கும்.

விதையின் அளவையும் யோசியுங்கள். எள், கம்பு, கேழ்வரகு போன்ற பொடி விதைக்கு மண் கொஞ்சம் நைந்திருக்க வேண்டும். மக்காச்சோளமும் பருத்தியும் கட்டி கலந்த மண்ணிலேயே நன்றாக வரும். கொண்டைக்கடலைக்கு அப்படிப்பட்ட மண்தான் பிடிக்கும். வேருக்குக் காற்று வேண்டும். கொண்டைக்கடலைக்கு நிலத்தை மாவாக்குகிறவர் காசு கொடுத்து விளைச்சலைக் குறைத்துக்கொள்கிறார்.

ஓட்டியே ஆக வேண்டும் என்றால் வேகத்தைக் கூட்டி, சுழற்சியைக் குறைத்து, பின்புற மூடியைத் தூக்கிவிடச் சொல்லுங்கள். கட்டி கொஞ்சம் பெரிதாக விழும். ஒரே ஒரு ஓட்டு போதும், குறுக்கு ஓட்டு வேண்டாம்.

உளிக் கலப்பை

இது மண்ணைப் புரட்டாமல் ஒன்றேகால், ஒன்றரை அடி ஆழத்தில் இறங்கி அடி அடுக்கை உடைத்துவிடும் கருவி. பல்கலைக்கழகத்தின் சிபாரிசு: அதிக ஆழம் போகாமலே இறுகிய அடுக்கு உள்ள நிலங்களில் அரை மீட்டர் இடைவெளியில் ஒரு திசையிலும், பிறகு அதற்குக் குறுக்கேயும், மூன்று ஆண்டுக்கு ஒரு முறை. 45 குதிரைத்திறன் அளவிலாவது வண்டி வேண்டும், சின்ன வண்டி திணறும்.

இதில் இரண்டு விஷயம். ஒன்று, அடிமண் காய்ந்திருக்கும்போதுதான் ஓட்ட வேண்டும். காய்ந்த மண் உளி பட்டால் பக்கவாட்டில் நொறுங்கும். ஈர மண்ணை உளி வெண்ணெயில் கத்தி போல வெட்டிக்கொண்டு போய்விடும். கோடு மட்டும் விழும், அடுக்கு அப்படியே இருக்கும். வைகாசி, ஆனிதான் சரியான காலம்.

இரண்டாவது, எல்லா நிலத்துக்கும் இது தேவையில்லை. அடி இறுகிய செம்மண்ணில் நிலக்கடலை, துவரை, பருத்தி போடுகிறவருக்கு இந்தச் செலவு நன்றாகவே திரும்பும். ஆழமாக வெடிக்கிற கரிசலில் வெடிப்பே பாதி வேலையைச் செய்துவிடுவதால், குழியில் பலகையைக் கண்ணால் பார்த்தால் மட்டும் ஓட்டுங்கள். பக்கத்து நிலத்துக்காரர் ஓட்டினார் என்பதற்காக வேண்டாம். “அகல உழுவதைவிட ஆழ உழு” என்ற பழமொழியை இதற்குச் சாட்சியாகச் சொல்வார்கள். அந்தப் பேச்சு பிறந்தபோது ஆழம் என்பது ஒரு சோடி மாடு இழுக்கக்கூடிய ஒரு சாண். ஒன்றரை அடியை அது சொல்லவில்லை.

உழாமலே விதைப்பது

உழவே வேண்டாம் என்கிற பேச்சு இப்போது நிறையக் காதில் விழுகிறது. அதை எளிதாக ஒதுக்கிவிட முடியாது. பிரேசிலின் பரானா மாநிலத்தில் மழை மண்ணை அரித்துக்கொண்டு போனதைப் பார்த்துச் சலித்த எர்பெர்ட் பார்ட்ஸ் என்ற விவசாயி 1972-இல் உழாமல் விதைக்கத் தொடங்கினார். இன்று அந்த நாட்டில் கோடிக்கணக்கான ஏக்கர் அப்படித்தான் நடக்கிறது. நம் நாட்டில் பஞ்சாப், அரியானாவில் நெல் அறுத்த நிலத்தில் உழாமல் கோதுமை விதைக்கும் கருவிகள் ஓடுகின்றன.

ஆனால் அந்த முறையின் உயிர் உழாமல் இருப்பதில் மட்டும் இல்லை, நிலத்தின் மேல் கிடக்கிற தாளில் இருக்கிறது. தாள் மழைத்துளியைத் தாங்குகிறது, வெயிலைத் தடுக்கிறது, களையை அமுக்குகிறது. நம் கரிசலில் சோளத்தட்டை மாட்டுக்கு, பருத்தி மார் அடுப்புக்கு, மீதம் இருப்பது நிலத்தில் கிடை போடுகிற ஆட்டுக்கு. வெறும் நிலத்தை உழாமல் விட்டால் கிடைப்பது இறுகிய மேல்மண்ணும் களையும்தான். களைக்கொல்லியை நம்பித்தான் விதைக்க வேண்டிவரும். ஆகவே, தட்டையை நிலத்திலேயே விட முடிகிறவர் ஒரு துண்டில் செய்து பார்க்கலாம். விட முடியாதவருக்கு இப்போதைக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன்.

தமிழ்நாட்டில் உழாமல் விதைப்பது தலைமுறையாக வெற்றியாக நடக்கிற இடம் டெல்டா. சம்பா, தாளடி அறுவடைக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பு, மண் மெழுகுப் பதத்தில் இருக்கும்போது நிற்கிற நெல்லுக்குள் உளுந்தையும் பயறையும் தெளிக்கிறார்கள். தைப் பட்டம் அது. அங்கே உழுதால் சேற்று மண் பாறைக் கட்டியாகப் பெயரும், மிச்ச ஈரமும் ஓடிப்போகும், பட்டமும் தப்பும். நெல்லின் தாளும் நிலத்தின் ஈரமும் இருப்பதால் அங்கே இது பலிக்கிறது. ஈரத்தில் இறங்குகிற அறுவடை இயந்திரம் முளையை நசுக்குவதுதான் இப்போது அங்கே உள்ள தொல்லை. அதற்காக உழவுக்கு மாற வேண்டியதில்லை. தண்ணீரை முன்கூட்டியே வடித்து, வண்டி போகும் தடத்தை ஒன்றிரண்டாகச் சுருக்கினாலே இழப்பு குறையும்.

என்றால், எதைச் சொல்வது?

கரிசல், கோரை அருகு இல்லை, குழியில் பலகை இல்லை: கோடை மழை விழுந்து பதம் வந்ததும் கொத்துக் கலப்பை ஒரு ஓட்டு, புரட்டாசி விதைப்புக்கு முன் இன்னொன்று. அவ்வளவுதான், மூன்றாவது ஓட்டு வீண். மிச்சமாகும் காசில் நிலத்தைச் சின்னச் சின்னப் பாத்தியாகத் தடுத்துவிடுங்கள், அல்லது மேடும் சாலுமாகப் பார் பிடித்து விதையுங்கள். மழையைப் பிடிப்பதில் அது எந்தக் கலப்பைக்கும் குறைந்தது இல்லை.

கோரை இருக்கிறது, அல்லது போன வருஷம் படைப்புழு அடித்தது: இந்த வருஷம் சித்திரையில் சட்டி, பிறகு கொத்து. அடுத்த இரண்டு வருஷம் கொத்து மட்டும். செம்மண்ணில் பலகை இருந்தால் அந்த முதல் வருஷச் சட்டிக்குப் பதில் உளி, கூடவே ஏக்கருக்கு ஐந்து டன் தொழு எரு. எரு போடாமல் உடைத்த அடுக்கு சீக்கிரம் மறுபடி இறுகும்.

வாடகை கட்டுப்படியாகவில்லை என்றால் வேளாண்மைப் பொறியியல் துறையின் வாடகை வண்டியை முன்பதிவு செய்து பாருங்கள். கோடையில் கேட்டால் கிடைக்க வாய்ப்பு அதிகம். எல்லோரும் கேட்கிற ஆவணி, புரட்டாசியில் சிரமம்.

எந்தக் கருவியானாலும் பதம் தப்பினால் கெடுதல்தான். உழவு ஆழத்திலிருந்து ஒரு கைப்பிடி மண் எடுத்து உருட்டி இடுப்பு உயரத்திலிருந்து போடுங்கள். உதிர்ந்தால் வண்டியை இறக்கலாம். அப்பளமாகப் படிந்தால் வண்டி வாசலில் நின்றாலும் திருப்பி அனுப்பிவிடுங்கள். இரண்டு நாள் தாமதம் பெரிய நட்டமில்லை, ஈரத்தில் இறுகிய கரிசல் அடுத்த கோடை வரை திறக்காது.

நான் சொல்வதை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. இந்த வருஷம் ஒரே நிலத்தில் இரண்டு துண்டு பிரித்து, ஒன்றில் வழக்கமான ரோட்டவேட்டரும் மற்றதில் கொத்தும் ஓட்டுங்கள். ஐப்பசியில் முதல் கனமழை நின்ற மூன்றாம் நாள், கூர் முனையுள்ள ஒரு கம்பியை இரண்டு துண்டிலும் பத்துப் பத்து இடத்தில் குத்துங்கள். ஈரம் இருக்கும் வரை கம்பி சுலபமாக இறங்கும், காய்ந்த மண் வந்ததும் நின்றுவிடும். நின்ற ஆழத்தை அங்குலத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.